தமிழ்க் கணிமைக் குழுக்களின் இடப்பெயர்வு: கூடவே வராமல் போன காரணங்கள்

தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே ஊரில் கூடி உழைத்தவர்கள் அல்லர். சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, இலங்கை, தமிழ்நாடு என்று பல இடங்களில் சிதறியிருந்தவர்கள். எழுத்துரு, குறியாக்கம், விசைப்பலகை, கலைச்சொல் என எல்லாவற்றையும் அவர்கள் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே பேசித் தீர்த்தார்கள். 1990களின் நடுவில் தொடங்கிய அந்தப் பேச்சு கடந்த முப்பது ஆண்டுகளில் பலமுறை இடம் மாறிவிட்டது. மடலாடற்குழுக்களில் தொடங்கி, யாஹூ குழுமம், கூகுள் குழுமம் என்று நகர்ந்து, இன்று பெருமளவு வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற கைபேசிச் செயலிகளுக்குள் நடக்கிறது.

இந்த இடப்பெயர்வுகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒவ்வொரு முறையும் ஆட்கள் புது இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நிரல்களும் எழுத்துருக்களும் வந்து சேர்ந்தன. எடுத்த முடிவுகளும் வந்து சேர்ந்தன. அந்த முடிவுகளுக்கான காரணங்கள் மட்டும் பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிட்டன.

ஒரு மாணவரின் கேள்வி

எங்கள் தெருவில் குடியிருக்கும் பொறியியல் மாணவர் ஒருவர் ஒரு நாள் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தார். பைத்தான் மொழியில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். கணினி 5 என்று விடை தந்திருக்கிறது. “மூணு எழுத்துதானுங்களே சார், அஞ்சுன்னு எப்படிங்க வரும்?” என்று கேட்டார்.

விடை கடினமானதல்ல. ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்துக்கும் தனித்தனி எண்கள் உண்டு. ‘மி’ என்பது இரண்டு எண்களின் சேர்க்கை. ‘ழ்’ என்பதும் அப்படியே. பைத்தான் எழுத்தை எண்ணவில்லை, குறியெண்ணை எண்ணுகிறது. எழுத்தாக எண்ண வேண்டுமானால் ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற நிரல்தொகுப்பைப் பயன்படுத்தலாம். இதைச் சொன்னதும் அவர் அடுத்த கேள்விக்குப் போனார். “அப்போ ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கலாமே? நானே அப்படி ஒண்ணு செஞ்சு பாக்கட்டுங்களா?”

அவர் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்த அந்த யோசனை பழையது. பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டு, இதே கோயம்புத்தூரில் மாநாடு நடந்தபோது அரசாணையில் இடம்பெற்றது. இதையும் சொன்னேன். “அந்த விவாதத்தைப் படிக்க முடியுங்களா?” என்று கேட்டார். அரசாணையின் சாரத்தைச் சொல்ல முடிந்தது. குறியாக்க அட்டவணையைக் காட்ட முடிந்தது. இரு தரப்பும் என்ன சொல்லி வாதிட்டன, யார் எந்த இடத்தில் இறங்கி வந்தார்கள் என்று காட்ட என்னிடம் முழுமையான ஓரிடம் இல்லை.

பேச்சு நடந்த இடங்கள்

இணையத்தில் தமிழர்கள் பேசிக்கொண்ட முதல் இடங்களில் ஒன்று யூஸ்நெட்டின் சாக்.கல்ச்சர்.தமிழ் குழு. அங்கே தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுத முடிந்தது. 1990களின் நடுவில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடலாடற்குழுவில் தமிழ் எழுத்திலேயே கடிதம் எழுதும் பழக்கம் வளர்ந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் அதற்குத் துணையாக இருந்தது. 1997-இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது.

அப்போதிருந்த பெரிய சிக்கல், ஆளுக்கொரு எழுத்துரு என்பதுதான். ஓர் எழுத்துருவில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியாது. இதைத் தீர்க்க, பல நாடுகளில் இருந்தவர்கள் மின்னஞ்சல் வழியாக விவாதித்து உருவாக்கியது ‘திஸ்கி’ என்னும் குறியாக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற வேறு இரண்டு குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2000-இல் சிங்கப்பூர் மாநாட்டில் ‘உத்தமம்’ அமைப்பு உருவாகி, அதன் பணிக்குழுக்கள் மின்னஞ்சலிலேயே வேலை பார்த்தன.

அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. திஸ்கியில் ‘கெ’ என்று எழுதினால் முதலில் கொம்பு சேமிக்கப்படும், பிறகு க. ஒருங்குறியில் முதலில் க, பிறகு கொம்பு. இன்றைய மாணவருக்குத் திஸ்கியின் முறை தவறாகத் தோன்றும். அன்றைய கணினிகளுக்கு எழுத்துகளை இடம் மாற்றிக் காட்டும் திறன் இல்லை. எழுதிய வரிசையில்தான் திரையில் வரும். எனவே கண்ணில் தெரியும் வரிசையிலேயே சேமிப்பதுதான் அன்று எல்லாக் கணினியிலும் தமிழைக் காட்டும் வழி. இந்தக் காரணம் அட்டவணையில் இருக்காது. அட்டவணையை மட்டும் பார்ப்பவர் முன்னோர் தவறு செய்தார்கள் என்று முடிவு கட்டிவிடுவார்.

கோவையில் வந்த முடிவு

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. மாநாடு தொடங்கிய நாளிலேயே, ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் அனைத்து எழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. பொதுப் பயன்பாட்டுக்கு ஒருங்குறி. ஒருங்குறி சரிவர இயங்காத மென்பொருள்களுக்கு மாற்றாக டேஸ்16.

டேஸ்16 முறையில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஓர் எண் உண்டு. எழுத்தை எண்ணுவதும் அகரவரிசைப்படுத்துவதும் எளிது. எங்கள் தெரு மாணவர் கேட்டது ஏறத்தாழ இதைத்தான். எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதங்கள் இருந்தன. ஒருங்குறியில் ஒரு முறை இடம்பெற்ற எழுத்தை நீக்கவோ நகர்த்தவோ கூடாது என்பது ஒருங்குறிச் சேர்த்தியத்தின் நிலையான கொள்கை. அதற்குள் இணையத்தில் ஒருங்குறித் தமிழ் ஏராளமாகச் சேர்ந்துவிட்டது. டேஸ்16 எழுத்துகளோ ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில்தான் அமைக்கப்பட்டன. அந்தப் பகுதியின் எண்களுக்கு உலகப் பொதுவான பொருள் கிடையாது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கட்டங்கள்.

இன்று கைபேசியில் நாம் எழுதுவதெல்லாம் ஒருங்குறி. விவாதம் நடைமுறையில் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அது எப்படி முடிந்தது என்பது தெரியாததால், ஆண்டுதோறும் யாராவது ஒருவர் புதிய குறியாக்கம் ஒன்றை முன்மொழிகிறார். பழையவர்கள் எரிச்சலோடு “இதெல்லாம் எப்பவோ பேசியாச்சு” என்கிறார்கள். எங்கே பேசினீர்கள் என்று கேட்டால் விடை இல்லை. புதியவர் மூத்தவர்களின் அகந்தை என்று நினைத்து விலகிப் போகிறார். ஒரு தன்னார்வக் குழுவுக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறு என்ன இருக்க முடியும்?

மாநாட்டு மலர்களில் கட்டுரைகள் உள்ளனவே என்று கேட்கலாம். உள்ளன, பயனுள்ளவையும்கூட. ஆனால் கட்டுரை என்பது ஒருவர் தன் தரப்பை ஒழுங்குபடுத்திச் சொல்வது. கடிதப் போக்குவரத்தில்தான் கேள்வியும் மறுப்பும், தவறை ஒப்புக்கொண்டு மாற்றிக்கொண்டதும் இருக்கும். மாணவருக்குப் பாடமாவது பின்னதுதான்.

மூன்று வகை இழப்பு

முதல் இழப்பு, இடமே இல்லாமல் போவது. 1990களின் இறுதியிலும் 2000களிலும் தமிழர்கள் பலர் இலவசமாகப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. யாஹூ குழுமங்களில் புதிய பதிவேற்றம் 2019 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பருக்குப் பின் பழைய மடல்கள் இணையத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. தரவிறக்கிக்கொள்ள 2020 ஜனவரி இறுதி வரை தவணை கிடைத்தது. 2020 டிசம்பர் 15-இல் சேவை முற்றிலும் நின்றது. ஆர்க்கைவ் டீம் போன்ற தன்னார்வலர்கள் ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். உறுப்பினர்கள் மட்டுமே படிக்கக்கூடிய குழுக்களை, அந்தக் குழுவினரே முன்வந்தால்தான் காப்பாற்ற முடியும். எத்தனை மட்டுறுத்துநர்கள் அந்தச் சில மாதங்களில் தங்கள் பழைய கடவுச்சொல்லைத் தேடி எடுத்திருப்பார்கள்?

இரண்டாவது இழப்பு, தமிழுக்கே உரியது. கோப்பு இருக்கும், படிக்க முடியாது. திஸ்கியிலோ வேறு எட்டுபிட்டு எழுத்துருவிலோ எழுதிய மடல்கள், இன்றைய உலாவியில் மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகவும் பின்னக் குறிகளாகவும் தெரிகின்றன. சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’, நியூ ஹொரைசன் மீடியாவின் ‘என்.எச்.எம். கன்வெர்ட்டர்’ போன்ற மாற்றிகள் இதற்கு உதவின. ஆனால் மாற்ற வேண்டியது இது என்று தெரிந்தவர்தான் மாற்றிக்குப் போவார். தெரியாதவர் குப்பை என்று அழித்துவிடுவார். தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியாது.

மூன்றாவது இழப்பு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. கைபேசிச் செயலிக் குழுக்களில் பேச்சு விரைவாக நடக்கிறது. கேட்ட கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை வருகிறது. அடுத்த மாதம் அதே கேள்வி மறுபடி வருகிறது. மூடிய குழுவுக்குள் தேடுபொறி நுழைய முடியாது. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய பேச்சு கண்ணில் படுவதில்லை. படும் இடங்களிலும் காலை வணக்கங்களுக்கும் வாழ்த்துகளுக்கும் நடுவில் அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. யாஹூ குழுமங்களின் பேச்சு இருபது ஆண்டுகள் இருந்து பிறகு அழிந்தது. இங்கே அது பேசிய மறுநாளே புதைகிறது.

இடம் மாறுவது குற்றமா?

இடம் மாறியதையே குறை சொல்வது நியாயமாகாது. பழைய மடலாடற்குழுக்களை இன்று பொற்காலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவற்றில் குறைகளும் இருந்தன. மின்னஞ்சலும் கணினியும் வசதியுள்ளவர்களிடமே இருந்த காலம் அது. கோவையின் கல்லூரி மாணவர் ஒருவர் அன்று அந்தக் குழுக்களில் வாய் திறந்திருப்பாரா என்பது ஐயமே. நீண்ட மடல்களும் தனிப்பட்ட சண்டைகளும் பலரை விரட்டின. தமிழைப் பற்றிய பேச்சின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடந்தது. கைபேசி வந்த பிறகு பொள்ளாச்சியிலும் பெருந்துறையிலும் உள்ள மாணவர்கள் தமிழிலேயே நிரல் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள் என்றால், அது இடம் மாறியதால் கிடைத்த நன்மை.

இன்னொரு மறுப்பும் உண்டு. எல்லாப் பேச்சையும் காப்பாற்றத்தான் வேண்டுமா? நண்பர்கள் நடுவே நம்பிக்கையோடு எழுதிய கடிதத்தை, எழுதியவரைக் கேட்காமல் ஊருக்குத் திறந்துவிடுவது முறையல்ல. கோபத்தில் சொன்ன சொல் ஒருவரை வாழ்நாள் முழுதும் துரத்தக் கூடாது. இது நியாயமான கவலை. நான் கேட்பது முழுப் பேச்சையும் அல்ல. முடிவுக்கு இட்டுச் சென்ற காரணங்களையும், ஏற்கப்படாத யோசனைகளையும், அவை ஏன் ஏற்கப்படவில்லை என்பதையும்தான்.

இதை என் அனுபவத்திலிருந்தும் சொல்ல முடியும். பணியில் இருந்த காலத்தில் அறிவியல் கலைச்சொற்களைப் பற்றிப் பேச ஆசிரியர்கள் சிலர் ஒரு சிறு குழு வைத்திருந்தோம். பின்னர் வேறொரு செயலிக்கு மாறினோம். முடிவான சொற்பட்டியலை மட்டும் எடுத்து வந்தோம். புதிதாக வந்த ஆசிரியை ஒருவர், “இந்தச் சொல்லை ஏன் சார் தள்ளினீங்க? இதுதானே நல்லா இருக்கு?” என்று ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டார். நாங்கள் நான்கு பேர் இருந்தோம், ஒருவருக்கும் நினைவில்லை. வாரக்கணக்கில் வாதாடியது மட்டும் நினைவிருந்தது. தவறு செயலியின் மீதல்ல, எங்கள் மீது.

மாறியும் இழக்காதவர்கள்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஒரு நல்ல முன்மாதிரி. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் வாழும் குமார் மல்லிகார்ச்சுனன் ஆகியோர் முன்னின்று, பல நாட்டுத் தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கினார்கள். முதலில் வேறு எழுத்துருவில் இருந்த நூல்கள் பின்னர் திஸ்கிக்கும், அதன் பின் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. ஒவ்வொரு இடப்பெயர்விலும் பழைய நூலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களும் கூடவே போயின.

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. பொது விவாதம் நடக்கும் இடத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். பழைய பேச்சுகள் தொகுப்புகளாக அங்கேயே உள்ளன. கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் முழுத் தரவையும் யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒரு தலைப்பை ஏன் இப்படி வைத்தார்கள் என்று இன்று ஒரு மாணவர் கேட்டால், உரையாடல் பக்கத்தைப் பார் என்று சொல்லிவிடலாம். வேலை நடந்த இடத்திலேயே பேச்சும் இருந்ததுதான் இதன் பலம்.

உலக அளவில் பைத்தான் மொழியின் குழுவைச் சொல்லலாம். அவர்களும் நீண்டகாலம் மடலாடற்குழுவில் பேசியவர்கள். 2018-இல் டிஸ்கோர்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்கும் புதிய மன்றத்தைத் தொடங்கி, பின்னர் படிப்படியாக முக்கிய விவாதங்களை அங்கே மாற்றினார்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டிலிருந்தே அவர்களிடம் ‘பெப்’ என்னும் முன்மொழிவு ஆவண முறை உண்டு. மொழியில் மாற்றம் வேண்டுபவர் எண்ணிட்ட ஆவணம் எழுத வேண்டும். ஏற்கப்படாத ஆவணமும் காரணத்தோடு அப்படியே இருக்கும். எடுத்துக்காட்டாக, பல கிளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை வேண்டும் என்ற முன்மொழிவு, 3103 என்ற எண்ணோடு, 2007-இல் தள்ளப்பட்டது. அதற்கு நெருங்கிய வேறொரு வடிவம் 2021-இல் வெளிவந்த 3.10 பதிப்பில் சேர்ந்தபோது, இலக்கணத்துக்கு ஓர் ஆவணம், காரணங்களுக்கு மட்டுமே ஓர் ஆவணம், கற்பவருக்கு ஓர் ஆவணம் என மூன்று எழுதப்பட்டன. பேசும் இடம் மாறலாம். காரணம் சேரும் இடம் மாறவில்லை. அவர்களுடைய இடப்பெயர்வு பெரிய சேதமில்லாமல் நடந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

மாற்றுச் சான்றிதழ்

பள்ளியில் ஒரு மாணவர் வேறு ஊருக்குப் போகிறார் என்றால் டி.சி. என்னும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவோம். எந்த வகுப்பு வரை படித்தார், எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தலைமையாசிரியர் மாறும்போது, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் மேசை, நாற்காலி முதல் பதிவேடுகள் வரை எழுதிக் கையொப்பம் வாங்குவோம். ஓர் அரசுப் பள்ளி செய்வதை, உலகெங்கும் உறுப்பினர்களைக் கொண்ட கணிமைக் குழு செய்யாமல் விடலாமா?

இடம் மாறவிருக்கும் குழு ஒன்று செய்யக்கூடியவை எளியவைதான். பழைய மடல்களை முழுமையாகத் தரவிறக்கி, குறைந்தது இரண்டு பேர் இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய குறியாக்கத்தில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தையும் அழிக்காமல் வைக்க வேண்டும். பொதுவில் வைக்கும் முன் எழுதியவர்களின் இசைவைக் கேட்க வேண்டும். முக்கிய முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க அளவில் கேள்வி, முன்வந்த யோசனைகள், தள்ளியவற்றுக்கான காரணம், முடிவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கிருந்து வெளியேறும் வழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: நம் பேச்சை நாமே முழுதாக எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. கைபேசிச் செயலியில் பேசுவதை நிறுத்த வேண்டியதில்லை. அங்கே கிடைத்த நல்ல விடையை வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் பொதுவிடத்தில் எழுதி வைத்தால் போதும்.

இவற்றில் எதற்கும் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. பொறுப்பு ஏற்கும் ஓர் ஆள் தேவை. நம் குழுக்களில் நிரல் எழுதுபவருக்குக் கிடைக்கும் மதிப்பு, குறிப்பு எழுதுபவருக்குக் கிடைப்பதில்லை. இந்த மனநிலை மாறினால் பாதி வேலை முடிந்தது.

தொடக்க காலத்தில் உழைத்தவர்களில் நா. கோவிந்தசாமி 1999-இல் மறைந்தார். தேனீ எழுத்துருவை உருவாக்கிய அதிராம்பட்டினம் உமர் தம்பி 2006-இல் மறைந்தார். மற்றவர்களுக்கும் வயதாகிறது. அவர்களில் பலருடைய பழைய கணினிகளிலும் குறுவட்டுகளிலும் அந்தக் காலத்து மடல்கள் இன்னும் இருக்கக்கூடும். தமிழ்க் கணிமை படிக்கும் மாணவர்கள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு வாங்கி, எழுதி வைக்கலாம். ஒரு பருவத் திட்டப்பணிக்கு இது தகுந்த வேலை. எங்கள் தெரு மாணவரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். புதிய குறியாக்கம் செய்வது பிறகு இருக்கட்டும். முதலில் 2010-இல் இரு தரப்பும் என்ன சொன்னார்கள் என்று நான்கு பேரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுது என்றேன். “சரிங்க சார், ஒருத்தரோட நம்பர் கிடைச்சிருக்குங்க” என்று போன வாரம் வந்து சொன்னார்.